கிளிப் மறைத்த ஓரம்

நேற்றுக் கள்ளக்குறிச்சி பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு செல்போன் கடையில் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் ஃபோனில் சார்ஜ் ஏறவில்லை. கடைக்காரர் அதைத் திறந்து, கண்ணில் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் எதையோ கிள்ளி எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். மிளகில் பாதிகூட இல்லை. "காயில் போயிருக்குதுங்க மேடம், மாத்திட்டா ஓடும்" என்றார். "இதை வைக்கத் திசை ஏதாவது உண்டா?" என்று கேட்டேன். "அதெல்லாம் இல்லீங்க, எந்தப் பக்கம் வச்சாலும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டுப் புதியதை எடுத்துப் பொருத்தினார். உருகிய ஈயத்தின் பசைப்புகை என் முகத்தில் வந்து மோதியது. நம் ஆய்வகத்தின் அதே புகை, அதே காட்டம். எதிர் நாற்காலியில் நீ உட்கார்ந்து மூக்கைச் சுளித்துக்கொண்டிருப்பது போல இருந்தது.

நான் முப்பது வருஷம் இந்த மாதிரிக் காயில்களுக்குள் வைக்கும் காந்தப் படலத்தோடுதான் மாரடித்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் நம்பியிருக்க மாட்டார். அவருக்கு நான் ஃபோனைக் கீழே போட்டுவிட்டு வந்து நிற்கும் வயசான ஒரு அம்மா, அவ்வளவுதான். ஆனால் உனக்கு இதை எழுத வேண்டும் என்று நாலு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டு வந்தவள், வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகக் காகிதத்தை எடுத்தேன். நீ போய் நாலு மாதம் ஆகிறது.

எம்.ஃபில். படிக்கும்போது நம் இருவருக்கும் சேர்த்து ஒரே கருவி. பெரிய கண்ணாடி மணி ஒன்றைக் கவிழ்த்து வைத்தது போல இருக்கும். உள்ளே இருக்கிற காற்றை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, நிக்கலும் இரும்பும் கலந்த கம்பியைச் சூடாக்கினால் அது ஆவியாகி, மேலே கிளிப்பில் மாட்டியிருக்கும் கண்ணாடிச் சில்லுகளில் படியும். தலைமயிரின் பருமனில் பல நூறில் ஒரு பங்குதான் அந்தப் படலம். காற்று முழுதாக வெளியேற மூன்று மணி நேரம் ஆகும். அந்த மூன்று மணி நேரத்தில்தான் நாம் சிநேகிதிகள் ஆனோம். நீ வெள்ளிமலைப் பக்கத்து உன் ஊரிலிருந்து பலாச்சுளை கொண்டுவருவாய். அந்த வாசனைக்குப் பயந்து நம் சார் ஆய்வகத்துக்குள் வராமல் வாசலில் நின்றே கேள்வி கேட்பார். அது நமக்கு மிகவும் வசதியாக இருந்தது.

நாம் செய்தது மென்காந்தம். அது என்ன என்று முதல் வருஷப் பெண்கள் வந்து கேட்டால் நீ ஒரு விளக்கம் வைத்திருந்தாய். "நிரந்தரக் காந்தம் எங்க சித்தப்பா மாதிரி. ஒருவாட்டி மொகத்தைத் திருப்பினா அவ்ளோதான். இது அப்படி இல்ல. சொன்னா திரும்பும், வுட்டா மறந்துடும்." இதைவிடச் சரியான விளக்கத்தை நான் பிறகு எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. நொடிக்குக் கோடிக்கணக்கான தடவை மின்சாரம் திசை மாறும் இடத்தில், ஒவ்வொரு தடவையும் கூடவே திரும்ப வேண்டும் அந்தப் படலம். அப்படித் திரும்பினால்தான் காயிலைச் சிறிதாக்க முடியும், காயில் சிறிதானால்தான் கருவி சிறிதாகும். அன்றைக்கு நாம் அதைச் சொன்னபோது வகுப்பில் இரண்டு பேர் சிரித்தார்கள்.

அதில் ஒரு நுணுக்கம் உண்டு. படலம் படியும்போதே சில்லின் இரண்டு பக்கமும் காந்தத்தை வைத்துவிட்டால், படலத்துக்கு ஒரு திசை பழகிவிடும். பிற்பாடு பழகிய திசையிலேயே இழுத்தால் அது ஒரே அடியாகப் புரளும். புரள நேரம் எடுக்கும், வேகத்துக்கு ஈடுகொடுக்காது. அதற்குக் குறுக்கே இழுத்தால் லேசாகச் சாய்ந்து சாய்ந்து நிமிரும். எவ்வளவு வேகமானாலும் தாங்கும். ஆகவே எந்தத் திசை எது என்பது தெரியாத படலம் இருந்தும் ஒன்றுதான், இல்லாமலும் ஒன்றுதான். கண்ணால் பார்த்தால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி பளபளக்கும். அதனால் நமக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது: சில்லை உள்ளே மாட்டுவதற்கு முன்பே, அதன் பின்பக்கத்தில் வைரமுனையால் ஒரு கோடு கீறிவிட வேண்டும். கோடு போகும் திசைதான் பழகிய திசை. முதலில் கோடு, பிறகு கிளிப், பிறகு காற்று. இதை நீ சமையல் குறிப்பு மாதிரி சொல்லிக்கொண்டே செய்வாய்.

கடைசிச் சுற்றில் கோடு போடும் முறை என்னுடையது. சென்னையில் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் இந்தத் துறையில் ஒரே ஓர் இடம் இருப்பதாக அறிவிப்பு வந்து, நாம் இருவரும் விண்ணப்பித்திருந்த சமயம் அது. நேர்முகத்துக்கு வரும்போது படலம் கொண்டுவர வேண்டும், அங்கேயே அளந்து பார்ப்பார்கள் என்று எழுதியிருந்தார்கள். ஆறு சில்லு போட்டோம், உனக்கு மூன்று, எனக்கு மூன்று. நீ கம்பி வெட்டிக்கொண்டிருந்தாய். நான் பேச்சு சுவாரஸ்யத்தில் கோடு கீறாமலே சில்லுகளை மாட்டிவிட்டேன். படலம் படிந்து, மணியைத் தூக்கி, சில்லுகளை எடுத்து வெண்ணெய்த்தாளில் வரிசையாக வைத்த பிறகுதான் ஞாபகம் வந்தது. எல்லாம் நான்கு பக்கமும் சமமான சதுரச் சில்லுகள். உன்னிடம் சொல்ல வெட்கப்பட்டேன். எனக்குத் தோன்றிய திசையில் ஆறிலும் கோட்டை இழுத்துவிட்டு, "ஆச்சுடி" என்றேன். நீ திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவ்வளவு நம்பிக்கை.

இரண்டு பேரும் சேர்ந்தே சென்னைக்குப் போகலாம் என்று நீ முந்தின நாளே மலையிறங்கி நைனார்பாளையத்தில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாய். கள்ளக்குறிச்சி தாலுகா அலுவலகத்தில் நாலாவது தடவையாக அலைந்து, மலைச்சாதிச் சான்றிதழையும் வாங்கிக்கொண்டு வந்திருந்தாய். மறுநாள் விடியும்போது ஊரே வேறு மாதிரி இருந்தது. எங்கள் சாதிக்குத் தனி ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல். இந்தப் பக்கம் உளுந்தூர்பேட்டை வரைக்கும் புளியமரங்களை வெட்டிச் சாய்த்துப் போட்டிருந்தார்கள். பேருந்து, லாரி எதுவும் அசையவில்லை. வெட்டியவர்களில் என் அண்ணனும் ஒருவன். தோளில் துண்டும் கையில் அரிவாளுமாகக் காப்பி குடிக்க வீட்டுக்கு வந்தான்.

உங்கள் இருவருக்கும் நடந்த பேச்சு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நீ முற்றத்தில் நின்றுகொண்டு கேட்டாய். "அண்ணே, நாளான்னிக்கு எனக்கு இன்டர்வ்யூ. எப்படிங்க போறது?"

"யாரும் போவ முடியாது தங்கச்சி. எங்களுக்குப் பங்கு குடுக்கிற வரைக்கும் ஒரு வண்டி நவுராது."

"கேளுங்கண்ணே, வேணாம்னு யாரு சொன்னா. எங்களுக்குப் பங்கு குடுத்தாச்சாம். அதை வாங்கத்தான் நானும் நாலுவாட்டி மலையெறங்கி வந்தேன்."

அண்ணனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நீயும் சிரித்தாய். பிறகு சாதாரணமாக, பக்கத்துத் தெருவுக்குப் போவதைச் சொல்வது போல, "நீங்க ரோட்டை மறிங்க. நான் மலையைச் சுத்திப் போய்க்கிறேன்" என்றாய். கச்சிராயபாளையம் வரை போய் மலையேறி, வெள்ளிமலை தாண்டி, கருமந்துறை வழியாக மேற்கே வாழப்பாடியில் இறங்கி, சேலத்தில் ரயில் பிடிப்பது உன் திட்டம். சமவெளிக்காரர்கள் நாங்கள் எல்லோரும் மாட்டிக்கொண்டு நிற்க, உனக்கு மட்டும் முதுகுப் பக்கம் ஒரு வாசல் திறந்திருந்தது. "நீயும் வர்றியாடி?" என்று கேட்டாய். பெண்பிள்ளையை மலை மேல் நடக்கவிட மாட்டேன் என்று அப்பா சொன்னார். அவர் சொல்லாவிட்டாலும் நான் வந்திருக்க மாட்டேன், எனக்குப் பயம். கடைசியில் மறியல் செய்துகொண்டிருந்த என் அண்ணன்தான் உன்னைச் சைக்கிளில் ஏற்றி, விழுந்து கிடந்த ஒவ்வொரு மரத்திடமும் இறங்கிச் சைக்கிளைத் தூக்கித் தாண்டி, மலையடிவாரத்தில் கொண்டுபோய் விட்டான். உன் மூன்று சில்லுகள் பஞ்சு வைத்த சோப்பு டப்பாவில் இருந்தன.

அடுத்த நாள் காலையில் வேலை இல்லாமல் என் பங்குச் சில்லுகளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒவ்வொன்றிலும் எதிரெதிரான இரண்டு ஓரங்களில் மட்டும் நகக்கண் அகலத்துக்குப் படலம் இல்லை, வெறும் கண்ணாடி. கிளிப் பிடித்திருந்த இடம். கிளிப்பும் காந்தமும் ஒரே பக்கத்தில் இருக்கும். அப்படியென்றால் கோடு ஒரு வெற்று ஓரத்திலிருந்து எதிர் வெற்று ஓரத்துக்குப் போயிருக்க வேண்டும். நான் போட்ட கோடு குறுக்கே போயிருந்தது. ஆறிலும் அப்படித்தான் போட்டேன்.

நீ அப்போது கருமந்துறையைக்கூடத் தாண்டியிருக்க மாட்டாய். சின்னசேலம் தபால் ஆபீசுக்கு அண்ணன் சைக்கிளில் போய் அந்த நிலையத்து முகவரிக்கு உன் பெயருக்கு ஒரு தந்தி கொடுத்திருக்கலாம். மறியலில் தந்திக் கம்பி அறுபடவில்லை. நான் அண்ணனைக் கேட்கவில்லை. நீயே பார்த்துக் கண்டுபிடித்துவிடுவாய், என்னைவிட நீ கெட்டிக்காரி என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். ஒரே ஓர் இடம்தான் என்பது அந்த நேரத்தில் என் நினைவுக்கு வந்ததா என்று நீ கேட்டால், வந்தது. அதை மறைத்து இந்த மடலை எழுதுவதில் அர்த்தமில்லை.

மறியலால் வர முடியாதவர்களுக்கு வேறு தேதி கொடுத்தார்கள். நீ எங்கள் வீட்டிலேயே ஒரு வாரம் வடை தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தால் உனக்கும் அது கிடைத்திருக்கும். நான் கல்லூரிக்குப் போய், பழைய கோட்டை மெருகுப்பொடி போட்டுத் தேய்த்து எடுத்துவிட்டுச் சரியான திசையில் புதுக்கோடு கீறிக்கொண்டு சென்னைக்குப் போனேன். அளந்தவர் ஐம்பது வயதுக்காரர், கண்டிப்பானவர். கருவியின் திரையில் அளவுக்கோடு கீழே சரியாமல் நேராகப் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்து அவர் முகம் மலர்ந்தது. "இதே காலேஜ்லேருந்து போன வாரம் ஒரு பொண்ணு வந்துச்சு" என்றார். "குறியைத் தப்பாப் போட்டுக்கிட்டு வந்து, ரிசல்ட் சரியில்லைன்னதும் திருப்பி வச்சுப் பாருங்கன்னு கேக்குது. யார் குறி போட்டதுன்னேன். நான்தான்னுச்சு. கோட்டாவுல வர்றவங்ககிட்ட இதான் தொல்லை. நீங்க கவனமா பண்ணியிருக்கீங்க."

அங்கே நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். அந்தக் கோட்டைப் போட்டவள் நான் என்று. அல்லது அதுகூட வேண்டாம், என் அண்ணன் இந்தக் கோட்டாவைக் கேட்டு மறியலில் கைதாகித்தான் இப்போது கடலூர் சிறையில் இருக்கிறான் என்றாவது. நான் "தேங்க்யூ சார்" என்றேன்.

இடம் எனக்குக் கிடைத்தது. நீ ஒரு அஞ்சலட்டை போட்டாய், வாழ்த்தும் உன் கையெழுத்தும் மட்டும். பிறகு மலையில் உண்டு உறைவிடப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியையாகச் சேர்ந்தாய் என்று கேள்விப்பட்டேன். நான் டாக்டர் பட்டம் வாங்கினேன், வெளிநாடு போனேன், வந்தேன். நம் படலத்தைச் சிப்புக்குள்ளேயே வைக்க முடியும் என்று காட்டிய குழுவில் நானும் இருந்தேன். கூட்டங்களில் பேசும்போது யாராவது முதன்முதலில் எங்கே தொடங்கினீர்கள் என்று கேட்பார்கள். கல்லூரியில், ஒரு சிநேகிதியோடு என்று சொல்வேன். அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

எட்டு வருஷத்துக்கு முன்பு சின்னசேலத்தில் ஒரு கல்யாணத்தில் உன்னைப் பார்த்தேன். பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தோம். முடி நரைத்திருந்தது, சிரிப்பு மட்டும் அப்படியே இருந்தது. நான் இலையைப் பார்த்துக்கொண்டே, "அந்தக் கோடு" என்று ஆரம்பித்தேன்.

"தெரியும்டி" என்றாய். "சேலத்துல ரயில்ல ஏறி டப்பாவைத் தொறந்து பாத்தேன். கிளிப்பு நெழல் தெரிஞ்சுது. கீறிவுட இன்னா இருக்குது கையில? அங்கபோய்ச் சொல்லிக்கலாம்னு போனேன். அந்தாளு ஒத்துக்கல."

"நான்தான்னு ஏன்டி சொன்ன?"

"வராதவங்களுக்கு வேற தேதின்னு ஆபீஸ்ல சொல்லிக்கினு இருந்தாங்க. நீ வருவன்னு தெரியும். உன் பேரைச் சொன்னா உன்னுதையும் தொட மாட்டாங்க. ரெண்டு பேரும் வூட்டுக்குத் திரும்பறதுக்கு ஒருத்தியாவது உள்ள போவட்டும்னுதான்." பாயசத்தை இலையில் வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கோபமே இல்லாத குரலில் சொன்னாய். "நீ உள்ள போயி என்னிக்காவது அந்தாளுகிட்டச் சொல்லுவன்னு நெனச்சிக்கினு இருந்தேன். கொஞ்ச நாள் நெனச்சேன். அப்புறம் வுட்டுட்டேன்."

அவர் இறந்து அதற்குள் மூன்று வருஷம் ஆகியிருந்தது. அதை உன்னிடம் சொல்லத் தைரியம் வரவில்லை. "சொல்றேன்டி" என்றேன். நீ கை கழுவ எழுந்து போய்விட்டாய். அவமானமாக இருந்தது என்று இப்போது எழுதலாம். அன்றைக்கு எனக்கு முதலில் வந்தது நிம்மதி. நீ கோபமாக இல்லை, அதனால் விஷயம் முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

உன் பதினாறாம் நாளுக்கு மலைக்கு வந்தேன். வழியெல்லாம் மரவள்ளி, இடையிடையே சாமை. வெள்ளிமலை வரை தார்ச்சாலை, மேலே டவர் இருக்கிறது, ஃபோன் நன்றாக எடுக்கிறது. உன் மகளை அப்போதுதான் முதன்முதலில் பார்த்தேன். வங்கியில் வேலை செய்கிறாள், உன் நெற்றி, உன் குரல். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஆன்ட்டி, நீங்களும் அம்மாவும் ஒண்ணாப் படிச்சீங்களாமே. அம்மா ஏன் ஆராய்ச்சிக்குப் போவல? கேட்டா, நான் தப்பு பண்ணிட்டேன்னு மட்டும் சொல்லும். என்னா தப்புன்னு சொல்லவே சொல்லாது."

உன் பெண்ணிடம்கூட நீ சொல்லவில்லை. நான் சொன்னேன். கோடு கீறாமல் சில்லை மாட்டியதிலிருந்து, தேங்க்யூ சார் வரைக்கும், எதையும் விடாமல் சொன்னேன். முடித்ததும் அவள் பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தவர்களைப் பார்த்தாள்.

"எனக்குப் பிசிக்ஸ் படிக்கணும்னு ஆசை ஆன்ட்டி. எங்க தாய்மாமா வுடல. உங்கம்மாவுக்கே வராதது உனக்கு வருமா, தப்பு பண்ணிட்டுத் திரும்பி வந்ததுதானே அதுன்னு கேட்டாரு. அம்மா பக்கத்துலயே நின்னுக்கினு இருந்துச்சு. வாயத் தொறக்கல. அதுக்காக அம்மாகூட நான் ரெண்டு வருஷம் பேசல."

உன்னிடமிருந்து ஒரு வேலையை எடுத்துக்கொண்டேன் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். உன் வீட்டுக்குள் இருந்தும் எடுத்திருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

"நீங்க அன்னிக்கு அவருகிட்டச் சொல்லியிருந்தா அம்மாவுக்கு அந்த வேலை கெடைச்சிருக்குமா?" என்று கேட்டாள்.

உன் மகளிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை. "தெரியலம்மா. இருந்தது ஒரே இடம். ஒருவேளை ரெண்டு பேருக்குமே கிடைக்காமப் போயிருக்கலாம். ஆனா தப்பு பண்ணினவங்கன்னு உங்கம்மாவுக்குப் பேர் வந்திருக்காது" என்றேன்.

அவள் எழுந்து, என் கையிலிருந்த காலி டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அது போதும் ஆன்ட்டி. எங்களுக்கு அதுவே போதுமா இருந்திருக்கும்."

அந்த ஒரு வாக்கியத்தோடு மலையிறங்கி வந்தேன். இன்னும் அதை இறக்கி வைக்கவில்லை.